கார்ட்டூன் குடும்பம் நெடுஞ்சாலை ஏறினால்: முழுநீளப் படத்துக்கு எந்த வழி?

தொலைக்காட்சியில் ஓடும் நகைச்சுவைக் கார்ட்டூன் தொடர் ஒன்றை முழுநீளப் படமாக்க நினைப்பவர்கள், பெரும்பாலும் முதல் வேலையாகப் பாத்திரங்களை வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுகிறார்கள். வீட்டில் இருந்தபடி ஒரே வரவேற்பறையை இலவசமாகப் பார்த்துப் பழகியவர், டிக்கெட் வாங்கி 80 நிமிடம் உட்காரும்போது வேறு எதையாவது எதிர்பார்ப்பார் என்பது ஒரு கணக்கு. பயணம் என்று வைத்துவிட்டால் தொடக்கமும் முடிவும் தாமாகவே கிடைத்துவிடும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பயணக்கதை எழுதுவது எளிது என்பதாலேயே அதை வரைவதும் எளிது என்று ஆகிவிடாது. சிரிப்பு சாலையோடு சேர்ந்து வரும் என்றும் உறுதி இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் சிலர் இந்த முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பதால், முன்னே இவ்வழியில் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எங்கள் கதைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எங்கள் தொடர் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுக்குள் நடப்பது. அம்மா, அப்பா, மகன், மகள், அப்பாவைப் பெற்ற ஆயா, வேலை கிடைக்கும்வரை இருப்பதாகச் சொல்லி வந்து நிலைத்துவிட்ட அம்மாவின் தம்பி ஆகிய ஆறு பேர். பகுதி ஒன்றுக்கு 11 நிமிடம். வரவேற்பறை, சமையலறை, வராண்டா, தெருமுனை டீ ரூம் என்ற நான்கு இடங்களைத் தாண்டிக் கதை வெளியே போவது அபூர்வம். அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு தவறான தகவலை அசையாத நம்பிக்கையோடு வைத்துக்கொண்டு மோதுவார்கள். காது மந்தமானவரைப் போல உட்கார்ந்திருக்கும் ஆயா கடைசியில் ஒரே சொல்லில் இருவரையும் கவிழ்ப்பார். அடுத்த பகுதி எதுவுமே நடக்காததுபோல மறுபடி தொடங்கும். இந்தக் கடைசி விதிதான் சிக்கல். தொடருக்கு உயிர் கொடுப்பது பாத்திரங்கள் ஒருபோதும் திருந்தாமல் இருப்பது. பயணப் படம் என்றாலோ, போனவர் ஏதோ ஒரு வகையில் மாறித் திரும்புவார் என்று பார்ப்பவர் எதிர்பார்க்கிறார். நம் முன் உள்ள வழிகளை வேறுபடுத்துவது, இந்த முரணை ஒவ்வொன்றும் எப்படித் தீர்க்கிறது என்பதே.

முதல் வழி, பாத்திரங்களை அணுவளவும் மாற்றாமல், அவர்களிடமிருந்து ஒரு பொருளைப் பறித்து, அதைத் தேடி ஓடவைப்பது. 1993இல் எம்டிவியில் தொடங்கிய ‘பீவிஸ் அண்ட் பட்-ஹெட்’ தொடரை அதன் படைப்பாளர் மைக் ஜட்ஜ் 1996இல் படமாக்கியபோது இதைத்தான் செய்தார். சோபாவில் கிடந்து தொலைக்காட்சி பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத இரண்டு விடலைகளின் தொலைக்காட்சிப் பெட்டி திருட்டுப் போகிறது. அதைத் தேடிக் கிளம்பியவர்கள், தாங்கள் எதில் சிக்கியிருக்கிறோம் என்பதே தெரியாமல், லாஸ் வேகாஸ், ஹூவர் அணை, வாஷிங்டன் என்று நாட்டைக் குறுக்காகக் கடந்து, பெட்டி கிடைத்ததும் போனபோது இருந்த அதே மடையர்களாக வீடு திரும்புகிறார்கள். சுமார் 1.2 கோடி டாலரில் எடுத்த அந்த 81 நிமிடப் படம் 6 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அவர்களை வீட்டோடு கட்டிவைத்திருந்த ஒரே பொருளை உருவியெடுத்ததில் உள்ள நேர்மை எனக்குப் பிடிக்கும். அறிவு வந்ததாக யாரையும் நடிக்கவைக்கவில்லை. சிரிப்புக்கும் சேதம் இல்லை.

இதை எங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் அவ்வளவு நன்றாகப் பொருந்தவில்லை. அந்த இருவருக்கும் தொலைக்காட்சி எப்படியோ, அப்படி எங்கள் குடும்பத்தை முழுவதுமாகக் கிளப்பக்கூடிய ஒரு பொருள் இல்லை. ஆயாவின் அம்மிக்கல் திருட்டுப் போவதாக ஒரு யோசனை வந்தது. படம் பாதியைத் தாண்டுவதற்குள் திருடனின் முதுகு ஒடிந்துவிடும் என்பதால் அதை விட்டுவிட்டோம். வேடிக்கையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், துரத்தல் கதைக்கு ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு புது இடமும் புது ஆபத்தும் வேண்டும். அதற்கான பணக்கணக்கு கீழே வருகிறது.

இரண்டாவது வழி, தொடரில் உள்ள ஓர் உறவை மட்டும் பிரித்தெடுத்து, இருவரையும் ஒரே வண்டிக்குள் பூட்டிவைப்பது. 1992இல் தொடங்கிய டிஸ்னியின் ‘கூஃப் ட்ரூப்’ தொடரிலிருந்து கெவின் லிமா இயக்கத்தில் 1995இல் வந்த ‘எ கூஃபி மூவி’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தகப்பன் மகனை ஐடஹோவில் உள்ள ஓர் ஏரிக்கு மீன் பிடிக்க அழைத்துப் போகிறான். மகன் வரைபடத்தில் திருட்டுத்தனமாகக் கோட்டை மாற்றி, லாஸ் ஏஞ்சல்ஸ் இசை நிகழ்ச்சிக்குப் பாதையைத் திருப்பிவிடுகிறான். தகப்பனுக்கு அது தெரிந்துபோன பிறகும் அவன் வாய் திறப்பதில்லை. சாலை பிரியும் இடத்தில் இடமா வலமா என்று மகனிடமே கேட்கிறான். பயணப் படம் எழுதும் எவரும் அந்தச் சந்திப்பை உட்கார்ந்து படிக்க வேண்டும். சாலை பிரிகிற இடமே உறவும் பிரிகிற இடமாகிவிடுகிறது. பின்னணியில் மலையோ மாளிகையோ இல்லாமலேயே, படத்தின் மிகக் கனமான கணம் அங்கே நடந்துவிடுகிறது.

அந்தப் படம் இதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. தொடரில் பள்ளிச் சிறுவனாக இருந்த மகன் படத்தில் காதலுக்கு ஏங்கும் விடலையாகிவிட்டான். பக்கத்து வீட்டுப் பெக்கும் அவளுடைய மகள் பிஸ்டலும் படத்தில் தலைகாட்டவே இல்லை. அதாவது, தொடரை வைத்துக்கொண்டே படம் எடுக்கவில்லை. தொடரை ஓரமாக வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தகப்பனும் மகனும் மனம்விட்டுப் பேசிச் சமாதானமான பிறகு, அடுத்த வாரம் பழைய சண்டைக்கு அவர்களைத் திருப்பி அனுப்புவது கடினம். தொடர் முடிந்துவிட்டவர்களுக்கு இது கவலை இல்லை. படத்துக்குப் பிறகும் தொடரை நடத்த நினைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய கவலை.

மூன்றாவது வழி, பட்டாளம் முழுவதையும் கிளப்புவது. இதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜிம்பாப்வேயில் தொடங்கிய சன்ரைஸ் நிறுவனத்தின் ‘ஜங்கிள் பீட்’, காட்டு விலங்குகள் பேசாமல் சேட்டை செய்யும் சில நிமிடக் குறும்பகுதிகளாகவே பல ஆண்டுகள் ஓடியது. பிரெண்ட் டாவ்ஸ் இயக்கி 2020இல் வந்த அதன் திரைப்படம் மொரிஷியசில் உருவானது. வேற்றுக்கிரகக் குட்டி ஒன்று வந்து விழ, அதன் கருவியால் விலங்குகளுக்குத் திடீரென்று பேச்சு வருகிறது. அதை அதன் கப்பலுக்குக் கொண்டுசேர்க்க எல்லாம் சேர்ந்து நடக்கின்றன. சில நிமிட ஊமைக்கூத்துக்கும் முழுநீளப் படத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தை, பேச்சு வருவதையே கதையாக்கித் தாண்டியது கெட்டிக்காரத்தனம். இருந்தாலும் கூட்டமாகப் போகிற எல்லாப் படங்களுக்கும் உள்ள தொல்லை ஒன்று உண்டு: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முறை வைத்து ஒரு வேடிக்கை தர வேண்டியிருக்கும், முறை வைத்து வரும் வேடிக்கையைப் பார்ப்பவர் முன்கூட்டியே எண்ணத் தொடங்கிவிடுவார். 2004இல் வந்த ‘ஸ்பாஞ்ச்பாப்’ படம், மன்னனின் கிரீடத்தைத் தேடிப் போகும் பயணத்துக்கு இரண்டு பேரை மட்டும் அனுப்பி, மற்றவர்களை ஊரிலேயே விட்டுவைத்தது இந்தக் கணக்கை உணர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

கிளம்பாமலே இருப்பதும் ஒரு வழிதான். 2022இல் வந்த ‘பாப்ஸ் பர்கர்ஸ்’ படம் உணவகத்துக்கு முன்னால் தெருவில் ஒரு பெரும்பள்ளம் விழவைத்து, கதையை அந்த வட்டாரத்திலேயே முடித்துக்கொண்டது. 53 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய 2007இன் ‘சிம்ப்சன்ஸ்’ படத்தில்கூடக் குடும்பம் அலாஸ்காவரை ஓடுகிறது, ஆனால் படத்தின் நெஞ்சு ஸ்பிரிங்ஃபீல்டைவிட்டு நகர்வதில்லை. ஊரைக் காப்பாற்றத் திரும்பி வந்தே தீர வேண்டும். பணமுடை மிகுந்தால் எங்களுக்கும் இதுவே கதி. ஆனால் வீட்டுக்குள்ளேயே 80 நிமிடம் என்பது ஏழு பகுதிகளை ஒட்டிவைத்ததுபோல ஆகிவிடும் ஆபத்து, எங்கள் எழுத்தின் இன்றைய தரத்தில், மிக அதிகம்.

இனிப் பணக்கணக்கு. நடிகர்களை வைத்து எடுக்கும் பயணப் படம் மலிவான வகை: ஒரு வண்டி, ஒரு கேமரா, சில நடிகர்கள் போதும், மலையும் ஆறும் வானமும் இலவசம். அனிமேஷனில் இது அப்படியே தலைகீழ். அங்கே வானத்தையும் யாராவது வரைந்தாக வேண்டும். தொடரில் சமையலறையை ஒருமுறை வரைந்துவிட்டால் அது எத்தனையோ பகுதிகளுக்கு உழைக்கிறது. பயணத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கை வரைந்தால் அது ஒரே காட்சியோடு சரி, வண்டி போய்விடும். ஷாட் ஒன்றுக்குச் சராசரியாக 4 நொடி என்று வைத்துக்கொண்டால் 80 நிமிடத்துக்கு 1,200 ஷாட்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓட, ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தும் சிக்கன முறையில் வரைந்தாலும், அசையும் ஒரு பாத்திரத்துக்கே 57,600 படங்கள் ஆகின்றன. அதற்கு மேல் ஊருக்கு ஊர் புதுப் பின்னணி என்றால், எங்களைப் போன்ற சிறு குழு மூன்றாவது ஊரிலேயே நின்றுவிடும். துரத்தல் கதையை நான் தயக்கத்தோடு பார்ப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இதற்கு ஒரே விடை, வண்டியின் உட்புறத்தையே புதிய சமையலறையாக ஆக்குவது. நடாலின் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த பழைய டொயோட்டா வென்ச்சர் போன்ற ஒரு நீண்ட வண்டியை எடுத்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியே உள்ளே பார்ப்பது, பின்னிருக்கையிலிருந்து முன்னே பார்ப்பது, இடப்பக்கம், வலப்பக்கம், கடைசி இருக்கை, ஓட்டுநரின் கண்ணாடி ஆகிய ஆறு கோணங்களை மிகக் கவனமாக வரைந்துவிட்டால், படத்தில் பாதிக்கு மேல் அங்கேயே நடத்தலாம். சன்னலுக்கு வெளியே ஓடும் நிலத்தை அருகில் புல், நடுவில் வேலியும் கம்பங்களும், தொலைவில் மலை என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்து, வெவ்வேறு வேகத்தில் சுழலவிடலாம். ஒரே சுருளுக்குக் காலை, உச்சி, அந்தி என்று நிறத்தை மட்டும் மாற்றினால் மூன்று சுருள் கிடைத்த கணக்கு.

வண்டிக்குள் நகைச்சுவை நடத்துவதில் உள்ள தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சண்டை போடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். வண்டியில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கார்ட்டூன் சிரிப்பில் பெரும்பகுதி, ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவரின் முகம் போகிற போக்கில் இருக்கிறது. அந்த முகத்தைப் பேசியவர் பார்க்க முடியாதபோது சிரிப்பு பாதியாகக் குறையும் என்று முதலில் அஞ்சினோம். ஸ்டோரிபோர்டில் வரைந்து பார்க்கும்போது அது பாதி கூடவும் செய்யலாம் என்று தெரிகிறது, ஏனென்றால் பேசியவருக்குத் தெரியாத முகம் பார்ப்பவருக்கு மட்டும் தெரிகிறது. ஓட்டுநரின் கண்ணாடி சட்டகத்துக்குள் இன்னொரு சட்டகம். அதில் கண்கள் மட்டும் தெரிந்தால் உதட்டசைவு வரைகிற வேலையும் மிச்சம். வண்டியை ஓட்டுவது அம்மாவாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வழியைப் பற்றி நிரம்பக் கருத்து வைத்திருக்கும் இரண்டு ஆண்கள் பின்னிருக்கையில். ஸ்டியரிங் அவர்கள் கையில் இல்லை. ஆயா முன்னே இடப்பக்கத்தில். மகள் கடைசி இருக்கையில் கூலர் பாக்ஸுக்குப் பக்கத்தில். தேர்வைச் சாக்காகச் சொல்லி மகனை வீட்டில் விட்டுவிட்டால் ஓர் ஆள் குறையும். வீட்டில் தனியே இருப்பவன் தொலைபேசியில் சொல்லும் பொய்களுக்குப் பழைய பின்னணிகளும் பயன்படும்.

பாதையைத் தேர்வதும் இதே கணக்கில் வருகிறது. கேப் டவுனுக்குப் போகலாம் என்று சொன்னவர்கள் உண்டு. டர்பனிலிருந்து சுமார் 1,650 கிலோமீட்டர், இரண்டு பகல், ஒரு இரவு, நடுவில் காரூ. அந்த வறண்ட சமவெளி வரைவதற்கு மலிவு என்பது உண்மைதான். கேப் டவுனைச் சேர்ந்த டிரிகர்ஃபிஷ் நிறுவனம் 2013இல் ‘கும்பா’ என்ற பாதி வரிக்குதிரையின் பயணத்தை அந்த நிலத்திலேயே நடத்தியிருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்துக்குக் கேப் டவுனில் என்ன வேலை? விடுமுறைக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள், அவ்வளவுதான். ஆயா இந்த வயதில் கடற்கரை பார்க்க 1,650 கிலோமீட்டர் போகிறார் என்றால், கடற்கரை ஊரில் இருந்து கிளம்பியவரை நம்ப ஆள் கிடைக்காது.

இயல்பான பாதை ஜோஹானஸ்பர்க் பக்கம். டர்பன் தமிழர்களில் யாருக்குத்தான் லெனேசியாவில் உறவினர் இல்லை? ஆயாவின் தங்கை பேத்திக்குக் கல்யாணம் என்பது போதுமான காரணம். எண் 3 தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். இந்தச் சாலைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. மாரியன்ஹில், மூய் ரிவர், துகேலா, வில்கே, டி ஹூக் என்று ஐந்து சுங்கச்சாவடிகள் வருகின்றன. ஒரே சாவடியை ஒருமுறை வரைந்து, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி, பணப்பையைத் தேடும் மாமாவின் நாடகத்தை ஐந்து முறை நடத்தலாம். வான் ரீனன் கணவாயின் மூடுபனியோ, பின்னணி வரைகிறவர்களுக்கு இயற்கை கொடுத்த விடுமுறை. தீமை என்னவென்றால் சாலை மிக நன்றாக இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற, எங்கும் நிற்கவேண்டிய தேவையே இல்லாத ஒரு பயணத்தை 80 நிமிடம் நீட்ட, வண்டி பழுதாவது, வழி தவறுவது, பெட்ரோல் தீர்வது என்ற தேய்ந்த தந்திரங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது மூன்றாவது பாதை: லேடிஸ்மித் பக்கம் பிரிந்து எண் 11 சாலையில் நியூகாசில், சார்ல்ஸ்டவுன், ஃபோல்க்ஸ்ரஸ்ட், அங்கிருந்து ஸ்டாண்டர்டன் வழியாக ஜோஹானஸ்பர்க். 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுங்கச்சாவடி நாடகம் இரண்டு மூன்றோடு நின்றுபோகும்; அது இழப்புதான். ஆனால் ஒற்றைத் தடச் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதும், வழியில் ஊருக்குள்ளேயே புகுந்து போகவேண்டியிருப்பதும் கதைக்குத் தானாக வந்துசேரும். குளிர்கால விடுமுறை என்று வைத்துக்கொண்டால் மஜூபா மலை தாண்டியதும் நிலமெல்லாம் ஒரே காய்ந்த மஞ்சள். தொலைவில் டுட்டுகா அனல்மின் நிலையத்தின் கோபுரங்கள் மட்டும் நெடுநேரம் நகராமல் நிற்கும். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அப்பாவும் மாமாவும் சண்டை போட அதைவிட நல்ல பின்னணி கிடையாது.

இந்தப் பாதைக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன முரணை அது தீர்க்கிறது. 1913இல், ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கங்களுக்குச் சென்று அவர்களைக் கிளப்பியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த, பெரும்பாலும் தமிழரான, பெண்கள். நவம்பர் 6 அன்று காந்தியோடு சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி ஃபோல்க்ஸ்ரஸ்ட்டுக்குள் நடந்தவர்கள், அவருடைய கணக்கின்படி, 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அவர்கள் போக நினைத்த இடம் லாலியில் இருந்த டால்ஸ்டாய் பண்ணை. இன்றைய லெனேசியாவுக்கு மிக அருகில். ஸ்டாண்டர்டன் வழியாக நடந்து பால்ஃபர்வரை வந்தவர்களை அங்கே பிடித்து ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் கதையின் ஆயா போக விரும்பும் பாதையும் அவர்கள் முடிக்காமல் விட்ட பாதையும் ஏறக்குறைய ஒன்றே.

ஆயாவின் தாத்தா அந்தக் கூட்டத்தில் நடந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆயா யாரிடமும் சொல்வதில்லை. நியூகாசில் வழியாகப் போனால்தான் ஆயிற்று என்று மட்டும் பிடிவாதம் பிடிக்கிறார். காரணம் கேட்டால் காது கேட்பதில்லை. பெரிய நெடுஞ்சாலையை விட்டு ஏன் இந்தச் சுற்றுவழி என்று அப்பா ஒரு காரணமும் மாமா வேறொரு காரணமும் கண்டுபிடித்து, இரண்டும் தவறாக, லெனேசியாவரை சண்டை போடுகிறார்கள். சன்னலுக்கு வெளியே பலகைகளும் ஊர்ப்பெயர்களும் போய்க்கொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொள்வது பின்னால் உட்கார்ந்திருக்கும் மகளும், படம் பார்க்கிறவரும் மட்டும். ஆண்கள் இருவரும் கடைசிவரை எதையும் அறிவதில்லை. அடுத்த வாரத் தொடருக்கு அவர்கள் பழைய மடமையோடு, ஒரு கீறலும் இல்லாமல், திரும்பிவிடலாம். மாறியது அவர்கள் அல்ல, அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது. முதல் வழியின் மாறாத பாத்திரங்களையும் இரண்டாவது வழியின் பூட்டிய வண்டியையும் இப்படி ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்பதே என் வாதம்.

இதை மறுப்பவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். வரலாற்றைத் தொட்டுவிட்டு இப்படி ஓரக்கண்ணால் பார்ப்பது அவமதிப்பாகாதா, ஜோஹானஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைனில் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறையையே பயணத்தின் முடிவாக வைக்கலாமே என்கிறார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று, வெளிவந்த சிறிது காலத்தில், 1914 பிப்ரவரி 22 அன்று, மிக இளம் வயதில் இறந்த அந்தப் பெண்ணின் கல்லறைக்கு முன்னால் மாமாவைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஒன்று மாமா திடீரென்று நல்லவராகப் பேச வேண்டும், அல்லது அங்கேயும் உளற வேண்டும். முன்னது பொய், பின்னதை நாங்கள் யாரும் எழுதத் துணிய மாட்டோம். ஆயாவின் மௌனத்தில் அந்த மரியாதை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. வீட்டில் நடப்பது வேறு. ஆயா தமிழில் பேசுவார், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், மாமா இரண்டையும் கலந்து எதிலும் சரியாகப் பேசமாட்டார். எல்லோரையும் தூய தமிழில் பேசவைத்தால் சாட்ஸ்வொர்த்தில் யாரும் நம்ப மாட்டார்கள். முழுவதும் ஆங்கிலமாக்கினால் ஆயாவின் பாத்திரமே போய்விடும். 2015இல் வந்த ‘ஷான் த ஷீப்’ படம் தொடரைப் போலவே ஒரு வசனமும் இல்லாமல் முழுநீளத்தையும் தாங்கியது வியப்புக்குரியதுதான். ஆனால் சண்டையில் வாழும் எங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. அடிவரி போட்டு, மூன்று பேச்சையும் அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

நிதியைப் பொறுத்தவரை, அரசின் திரைப்பட ஊக்கத்தொகை செலவழித்த பிறகு திரும்பக் கிடைப்பதே தவிர, கையில் கொடுத்து வேலையைத் தொடங்கச் சொல்வதல்ல. எனவே முதல் பணம் வேறிடத்திலிருந்து வர வேண்டும். 2010 முதல் நடந்துவரும் டர்பன் ஃபிலிம்மார்ட் போன்ற இடங்களில் தயாரிப்பாளர்களிடம் காட்டும்போது, 80 நிமிடக் கதைச்சுருக்கத்தைவிட, ஸ்டோரிபோர்டுப் படங்களைக் குரலோடு ஓடவிடும் சில நிமிட அனிமேட்டிக் அதிகம் பேசும்.

அந்த அனிமேட்டிக்குக்கு எந்தப் பகுதியை எடுப்பது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. தொடக்கமோ உச்சக்கட்டமோ வேண்டாம். மூய் ரிவர் சாவடியைத் தாண்டியதிலிருந்து லேடிஸ்மித் பிரிவுவரை, வண்டி எங்கும் நிற்காத 11 நிமிடத்தை எடுக்க வேண்டும்: ஆறு கோணம், ஒரு சுருள், ஐந்து பேர், இடப்பக்கச் சன்னலில் டிராக்கன்ஸ்பர்க். குரல்களை எங்களுக்குள்ளேயே பதிவுசெய்து, தொடரை இதுவரை பார்த்திராத சிலருக்குப் போட்டுக்காட்ட வேண்டும். அந்த 11 நிமிடமும் வண்டியைவிட்டு இறங்காமலே சிரிப்பு நின்றுவிட்டால், மேற்கொண்டு எந்தச் சாலையிலும் பணத்தைப் போடாமல், ‘பாப்ஸ் பர்கர்ஸ்’ வழியில் வீட்டு வாசலிலேயே ஒரு பள்ளம் தோண்டிக்கொள்ள வேண்டியதுதான். சிரிப்பு நிலைத்தால், லேடிஸ்மித் பிரிவில் அம்மா இடது வலது விளக்கைப் போடுமுன் ஆயா என்ன சொல்கிறார் என்பதை எழுதி முடித்துவிட்டு, நியூகாசில் பின்னணிகளை வரையத் தொடங்கலாம்.